கம்பியை நடுவுல வெட்டாதீங்க: வீட்டுலயே கட்டுன கிறிஸ்மஸ் ரீத்

கதவுல தொங்குற ரீத்தை இந்த வருஷம் நானே கட்டிட்டேன், அதுவும் முழுக்க நிஜமான பச்சைக் கிளைகளை வச்சு, அந்த சந்தோஷத்துல தான் இதை எழுதிட்டு இருக்கேன். மலர்வளையம்னு எழுதலாம்னு பார்த்தேன், ஆனா அந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கெல்லாம் துக்க வீடு தான் கண்ணு முன்னாடி வரும், அதனால ரீத்னே வச்சுக்குவோம்.

போன வருஷமும் ட்ரை பண்ணேன். ஒரு ஃபோம் ரிங், ஒரு க்ளூ கன், ஒரு பை நிறைய பைன் கிளை. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஒட்டினேன், மாட்டின அன்னிக்கு அவ்வளவு அழகா இருந்துச்சு. மூணாம் நாள் காலையில கதவைத் திறந்தா வாசல்படியில ஒரு கொத்து கிடக்கு, மறுநாள் இன்னும் ரெண்டு, ஒரு வாரத்துல அங்கங்க வெள்ளை ஃபோம் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. மனசு விட்டுப் போச்சு எனக்கு. அப்புறம் யோசிச்சப்போ தான் காரணம் புரிஞ்சுது, அந்தப் பசை குளிர்ல விறைச்சுப் போய் பட்டுனு விட்டுடும், ஈரமான பச்சை மேல முதல்லயே சரியாப் பிடிக்காது, கிளையும் காயக் காய சுருங்கும், இதுல கதவை சாத்துற ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல் வேற.

இந்த தடவை டிசம்பர் முதல் வாரம் அக்கா வந்திருந்தா. நான் மறுபடியும் க்ளூ கன்னை எடுக்கறதைப் பார்த்துட்டு, "அதை உள்ள வைடி, பூ தொடுக்கற மாதிரி கட்டுனா எதுக்கு பசை"ன்னா. அந்த ஒரு வரியில எனக்கு விஷயம் பாதி விளங்கிடுச்சு. கொத்து வைக்கணும், சுத்தணும், இழுக்கணும், அடுத்த கொத்து. பூ தொடுக்கத் தெரிஞ்ச கைக்கு ரீத் கட்டுறது பத்து நிமிஷத்துல வந்துடும், நூலுக்கு பதிலா கம்பி, அவ்வளவு தான் வித்தியாசம்.

முதல்ல கிளை. நாள்பட நிக்கணும்னா ஊசியிலை மரங்கள்ல ஃபிர் மாதிரி வேற எதுவும் இல்ல, காய்ஞ்சாலும் ஊசியை சீக்கிரம் விடாது. ஸ்ப்ரூஸ் பார்க்க அழகு தான், ஆனா கதகதப்பான வீட்டுக்குள்ள வச்சா கொஞ்ச நாள்லயே ஊசி ஊசியா தரையெல்லாம் கொட்டும். பைன், சீடர், ஜூனிபர், சைப்ரஸ், தூஜா எல்லாமே நல்லாவே வரும், ஒண்ணோட ஒண்ணு கலந்து வச்சா இன்னும் நல்லாருக்கும், ஏன்னா ஒண்ணு ஊசி, ஒண்ணு சீப்பு மாதிரி தட்டை, ஒண்ணு நீலம் கலந்த பச்சை, அந்த வித்தியாசமே ஒரு அலங்காரம். மரத்துல இருந்து வெட்டுறதா இருந்தா ஒரே பக்கம் வெட்டாம அங்கங்க எடுங்க, மரமும் மொட்டையாத் தெரியாது. வெட்டினதும் அடிக்காம்பை திரும்ப ஒரு தடவை சாய்வா நறுக்கி, ஒரு ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணியில நிக்க வைங்க. இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. கட்டின பிறகு கிளைக்குத் தண்ணி எடுக்க வழியே கிடையாது, அன்னிக்கு ராத்திரி குடிச்சது தான் மாசம் முழுக்க.

அடுத்து ஃப்ரேம். கம்பி ஃப்ரேம் தான் நான் வாங்கினேன், 12 இன்ச். இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், ஃப்ரேம் 12ன்னா முடிச்ச ரீத் 12 இருக்காது, கொத்தெல்லாம் வெளிய நீட்டிட்டு நிக்கறதால 18, 20 இன்ச் வரைக்கும் வந்துடும், கதவை அளந்துட்டு அதுக்கேத்த மாதிரி சின்னதா வாங்குங்க. திராட்சைக் கொடி மாதிரி வளையுற கொடியை நீங்களே சுத்தி வளையம் பண்ணிக்கலாம், அதுவும் நல்லா நிக்கும், மேல பச்சை குறைவா வச்சு கொடி தெரியுற மாதிரி விட்டா அது தனி அழகு. கம்பின்னா பச்சை பெயிண்ட் அடிச்ச மெல்லிசான ஃப்ளோரல் வயர், 22 இல்லன்னா 24 கேஜ், நம்பர் கூடக் கூட கம்பி மெலிசாகும். சின்னக் கட்டையில சுத்தின மாதிரி வர்றதை வாங்குங்க, துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கறது இந்த வேலைக்கு சரி வராது.

ஏன்னா ரகசியமே அங்க தான் இருக்கு, கம்பியை ஆரம்பத்துல ஃப்ரேம்ல முடிச்சுப் போட்டா கடைசிக் கொத்து வரைக்கும் வெட்டவே கூடாது. ஒரே கம்பி, ஒரே ஓட்டம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா, ஆறு ஏழு இன்ச் நீளத்துல, அஞ்சாறு துண்டு சேர்த்து ஒரு கைப்பிடிக் கொத்து, அதை ஃப்ரேம் மேல படுக்க வச்சு காம்புல மூணு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் இழுக்கணும். நான் முதல்ல பயந்து பயந்து மெதுவா சுத்தினேன், அக்கா என் கைமேலயே கையை வச்சு, "இழுத்துப் பிடிடி, அதுக்கு வலிக்காது"ன்னு ஒரு இழு இழுத்தா. மூணாவது சுத்துல கம்பி அந்த பிஞ்சுப் பட்டைக்குள்ள லேசா அமுங்கி உட்கார்றது கண்ணுக்கே தெரிஞ்சுது, அந்த இடத்துல இருந்து பிசின் ஒரு சொட்டு பளிச்சுனு வெளிய வந்து என் கட்டை விரல்ல ஒட்டிக்கிச்சு, அந்த வாசனை மறுநாள் குளிச்ச பிறகும் கையில இருந்துச்சு. அந்த அமுங்கல் தான் சரியான இறுக்கம். காம்பு நாளைக்கு சுருங்கினாலும் கொத்து நழுவாது.

அடுத்த கொத்து முந்தின கொத்தோட காம்பை மறைக்கற மாதிரி மேல ஏறி உட்காரணும், ஓட்டு வீட்டுல ஓடு அடுக்கற மாதிரி. எல்லாக் கொத்தும் ஒரே திசை. ஒண்ணு உள்பக்கம் லேசா சாய்ஞ்சு, அடுத்தது நடுவுல, அதுக்கடுத்தது வெளிப்பக்கம், இப்படி மாத்தி மாத்தி வச்சா தான் உள்வட்டமும் வெளிவட்டமும் சமமா நிறையும், எல்லாத்தையும் நேராவே வச்சா நடு ஓட்டையில கம்பி பல்லிளிக்கும். கொத்து எல்லாத்தையும் முதல்லயே சேர்த்து வரிசையா தரையில வச்சுக்கறது நல்லது, எனக்கு பதினாலு கொத்து பிடிச்சுது. பாதிக்கு மேல ஆனதும் அவசரத்துல கொத்து மெலிஞ்சுட்டே போகும், எனக்கும் போச்சு, அதனால ரெண்டு கொத்தைப் பிரிச்சு திரும்பக் கட்டினேன்.

கடைசிக் கொத்து தான் கஷ்டம். முதல் கொத்தோட தலையை கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அதுக்கு அடியில கடைசிக் கொத்தோட காம்பை நுழைச்சு கட்டணும், ஒரு கை பத்தாது. அக்கா தூக்கிப் பிடிச்சா, நான் சுத்தினேன். கையை விட்டதும் முதல் கொத்து அப்படியே படிஞ்சு காம்பை மூடிடுச்சு பாருங்க, எங்க ஆரம்பிச்சோம் எங்க முடிச்சோம்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியல. திருப்பிப் போட்டு ஃப்ரேம்ல கம்பியை நாலஞ்சு சுத்து சுத்தி, அப்போ தான் வெட்டினேன்.

பைன் கோன், அதாவது பைன் மரத்துக் காய், அக்கா பையன் பொறுக்கிட்டு வந்தது. மண்ணா இருக்கேன்னு தண்ணியில கழுவி வச்சேன், காலையில பார்த்தா விரிஞ்சிருந்த கோன் எல்லாம் மொட்டு மாதிரி மூடிக்கிடக்கு. கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அவன் முகமே வாடிடுச்சு. கெடல, அது அப்படித்தான், ஒவ்வொரு செதில்லயும் வெளிப்பக்க அடுக்கு ஈரம் பட்டா உள்பக்கத்தை விட அதிகமா ஊதும், அதனால செதில் உள்ள வளைஞ்சு மூடிக்கும், காய்ஞ்சா வெளிப்பக்கம் சுருங்கி விரிஞ்சுக்கும். மழையில விதை நனையாம, காய்ஞ்ச நாள்ல காத்துல பறந்து போறதுக்காக மரம் பண்ணி வச்சிருக்கற ஏற்பாடு. மரத்துல இருந்து உதிர்ந்த பிறகும் வேலை செய்யுது, எவ்வளவு பெரிய விஷயம்! ஓவன்ல ஃபாயில் போட்டு 95 டிகிரி செல்சியஸ்ல வச்சு, பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டோம், உள்ள பூச்சி இருந்தாலும் போயிடும், பிசினும் உருகி மேல மினுமினுன்னு படிஞ்சுடும். சாதாரணமா அரை மணி நேரம் போதும், எங்களோடது நனைஞ்சிருந்ததால இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுது. ஓவன் கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து ஒவ்வொண்ணும் திறக்கறதைப் பார்த்தான் பையன். அடிச் செதில்களுக்கு நடுவுல கம்பியை ஓட்டி முறுக்கினா கோன் கட்ட ரெடி.

ஆரஞ்சு வில்லையும் போட்டேன், கால் இன்ச் தடிமனுக்கு வெட்டி அதே சூட்டுல மூணு நாலு மணி நேரம், நடுவுல திருப்பிப் போடணும், ஈரம் இருந்தா பூஞ்சை வந்துடும். ரிப்பன் ஓரத்துல கம்பி வச்சதா இருந்தா அதுல போடற பூ முடிச்சு தொங்காம நிக்கும். எல்லாத்தையும் சுத்திலும் சமமா பரப்பாதீங்கன்னு தான் சொல்லுவேன், கடிகாரத்துல ஏழு மணி இருக்கற இடத்துல மூணு கோன், ரெண்டு ஆரஞ்சு, ஒரு ரிப்பன்னு ஒரே இடமா சேர்த்து வச்சேன், மிச்ச இடம் வெறும் பச்சை. அந்தப் பச்சைக்குத் தானே இவ்வளவு பாடு பட்டோம்.

பையன் தினமும் வந்து "கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தனை நாள் சித்தி?"ன்னு கேட்பான். அவனுக்கு ஒரு கதை சொன்னேன். 1839ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்துன யோஹான் ஹின்ரிச் விஹெர்ன்ங்கற போதகர்கிட்ட அந்தப் பசங்களும் இதையே தான் கேட்டுட்டே இருந்தாங்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயித்துக்கிழமைகளுக்கு நாலு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மத்த நாளுக்கு சின்ன சிவப்பு மெழுகுவர்த்தின்னு நட்டு, தினம் ஒண்ணு ஏத்தி எண்ண விட்டாராம். பச்சைக் கிளை சுத்துறதெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. கேட்டதும் அவனுக்கும் அது வேணும்னுட்டான். மிஞ்சின துண்டுக் கிளையில மேஜைக்கு ஒரு சின்ன வளையம் கட்டி, பேட்டரி மெழுகுவர்த்தி நாலு வச்சோம், மூணு ஊதா, ஒண்ணு ரோஸ், ரோஸ் மூணாவது ஞாயிறுக்கு. காய்ஞ்ச ஊசியில பிசின் இருக்கு, ஒரு பொறி பட்டா நிமிஷத்துல பத்திக்கும், அதனால நிஜ நெருப்பு வேண்டவே வேண்டாம்னு நான் உறுதியா இருந்தேன். கிறிஸ்மஸ் அலங்காரத்துல வர்ற ஹோலி, மிசில்டோ செடிகளோட பழமும் சேர்க்கல, குழந்தையோ நாயோ பூனையோ வாயில போட்டா உடம்புக்கு ஆகாது.

வெளிக்கதவுல மாட்டினா குளிர்ல ஒரு மாசம் தாராளமா நிக்கும், வீட்டுக்குள்ள ஹீட்டர் பக்கத்துல ரெண்டு வாரம் வந்தா பெருசு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பின்பக்கமா தண்ணி ஸ்ப்ரே பண்றேன், ஆரஞ்சு மேல படாம. முன்னாடி கண்ணாடிக் கதவு இருந்து அதுல வெயில் நேரா அடிச்சா ரெண்டுக்கும் நடுவுல வெந்து பழுப்பாயிடும், அப்படி இருக்கறவங்க வேற இடம் பாருங்க.

ஜனவரியில இறக்கும்போது கம்பியைப் பிரிச்சு கிளையை கம்போஸ்ட்ல போட்டுட்டு ஃப்ரேமை எடுத்து வச்சுக்குவேன். அடுத்த தடவை 10 இன்ச் ஃப்ரேம்ல முழுக்க ஜூனிபர் மட்டும் வச்சு ஒண்ணு கட்டணும், அந்த நீலப் பச்சைக்கு ஆரஞ்சு கூட வேண்டாம், காய் இருக்கற கிளையா பார்த்து வெட்டணும்னு இப்பவே குறிச்சு வச்சிட்டேன்.