அப்பாவின் கணக்கில் 329

ஜூன் 3

இரத்தம் திரும்பவும் எடுத்திருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை வருமாம். போன கிழமையும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னார்கள்.

ஜூன் 4

அப்பாவை நாலு கட்டில் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சத்தம், வெளிச்சம், நித்திரையே வராது என்று அம்மா கவலைப்பட்டார். ஆனால் நான் போனபோது அப்பா எழும்பி உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார். கிழவர் மெல்பேர்ணின் ஃபுட்ஸ்கிரேயிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த இடத்து ஆஸ்திரேலியன் ஃபுட்பால் கிளப்பான புல்டாக்ஸின் தொப்பியை அப்பாவிடம் கண்டதும் கதையைத் தொடங்கியிருக்கிறார்.

தர்க்கம் புல்டாக்ஸுக்கு ஆடிய டக் ஹாக்கின்ஸ் பற்றியது. மொத்தம் 350 மட்ச் என்கிறார் கிழவர். 329 என்கிறார் அப்பா. இரண்டும் சரி. 1978 முதல் 1994 வரை எங்களுக்கு 329, பிறகு 1995இல் ஃபிட்ஸ்ரோய் என்கிற வேறு கிளப்புக்கு 21. அந்த 21ஐ அப்பா சேர்க்கமாட்டார்.

"அது எங்கட கணக்கில்லை."

"கால் ஓடுகிற கடைசி வருஷத்தில் விளையாட இடம் கொடுத்தவர்களிடம் போனான், அதில் என்ன பிழை?" என்றார் கிழவர்.

தாதி வந்து அப்பாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தபோது கொஞ்சம் கூடியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் குரலில் இவ்வளவு பலத்தைக் கேட்டு ஒரு மாதமாகிறது.

ஜூன் 6

வெள்ளி. ஒருவரும் எடுக்கவில்லை.

ஜூன் 7

ஹாக்கின்ஸ் ஃபிட்ஸ்ரோய்க்குப் போனது மட்டும் ஏன் அப்பாவுக்கு இப்படிக் குத்துகிறது என்று இன்றுதான் சரியாக விளங்கியது. 1989.

அப்பா அப்போது கயிறு திரிக்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. இங்கே வந்து ஐந்து வருஷம். இங்கிலீஷ் கதைக்கப் பழகியதே அங்கேதான். திங்கட்கிழமை எல்லோரும் சனிக்கிழமை மட்சைப் பற்றித்தான் கதைப்பார்கள். அதில் சேராவிட்டால் தனியாகத் தேத்தண்ணி குடிக்க வேண்டும். பிறகு யாரோ அவரை எங்கள் கிளப்பின் மைதானமான வெஸ்டர்ன் ஓவலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பக்கம் முழுக்கக் காற்று அடிக்கும், சேறு, குளிர், நின்றுகொண்டேதான் பார்ப்பது. அங்கே ஒரு விங்குக்கு ஹாக்கின்ஸின் பெயர். அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே வைத்த பெயர். அப்பா நின்றதும் அந்தப் பக்கம்தான்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு நாள் அறிவித்துவிட்டார்கள், கிளப்பில் காசில்லை, ஃபிட்ஸ்ரோயோடு சேர்க்கப்போகிறோம் என்று. 'ஃபிட்ஸ்ரோய் புல்டாக்ஸ்' என்று பெயர்கூட முடிவாகிவிட்டது. சனங்கள் விடவில்லை. ஐரீன் சாட்ஃபீல்ட் என்கிற ரசிகை கோர்ட்டுக்குப் போனார். பீட்டர் கோர்டன் என்கிற வழக்கறிஞர் முன்னுக்கு நின்றார். மைதானத்தில் கூட்டம் போட்டார்கள், வீடுவீடாகத் தட்டிக் காசு சேர்த்தார்கள். சில கிழமைக்குள் தேவையான காசு வந்து கிளப் தப்பியது.

அப்பா ஒரு கிழமைச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு அது 2016இல்தான் தெரியவந்தது. வீட்டு வாடகைக்கே இழுபறிப்பட்ட நாளில் அவர் அதைச் செய்தார்.

ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கிழவரும் கேட்டுக்கொண்டிருந்தார், அதனால் இங்கிலீஷில் சொன்னார். "ஒரு ஊரை விட்டு வந்துவிட்டேன். வந்த இடத்தையும் மூடுகிறோம் என்றால்?" அதற்கு மேல் சொல்லவில்லை.

கிழவர் கையை நீட்டி அப்பாவின் கட்டில் கம்பியில் இரண்டு தரம் தட்டினார். அவரும் அந்த நாட்களில் தகர டின்னோடு நின்றவர்.

எனக்கு அப்போது மூன்று வயது. ஒன்றும் ஞாபகமில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 9

டொக்டர் இன்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். புரொஸ்டேட். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று ஸ்கான் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

டொக்டர் போனதும் அப்பா கிழவரைப் பார்த்து "ஈ ஜே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கிழவர் தலையை ஆட்டினார்.

ஈ ஜே என்றால் எங்கள் கிளப்பின் பெரிய ஆட்டக்காரர் விட்டன். எனக்கு அந்தக் கதை தெரியும். அதனால் வெளியே போய்த் தண்ணீர் எடுப்பதுபோல் நெடுநேரம் நின்றேன்.

ஜூன் 10

அது 1995. இப்போது மருந்துகள் வேறு. ஸ்கான் வேறு. எல்லாம் வேறு.

ஜூன் 12

நல்ல நாள். குழாயை எடுத்துவிட்டார்கள். அப்பா நடந்தார்.

கிழவர் 1954ஐப் பற்றிச் சொன்னார். அவருக்கு அப்போது பத்து வயது. இறுதிப் போட்டியில் மெல்பேர்ண் அணியை 51 புள்ளியால் வென்றோம். ஜாக் கொலின்ஸ் ஏழு கோல். சார்லி சட்டன் அணித்தலைவர், பயிற்றுநரும் அவரே. விட்டனுக்கு வயது 21. கிளப் லீக்குக்கு வந்தது 1925இல், அதுதான் முதல் கிண்ணம். அடுத்ததற்கு இவ்வளவு காலம் எடுக்கும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்த ஆளை அடித்திருப்போம் என்றார்.

பிறகு விட்டனின் ஃபிளிக் பாஸை அப்பாவுக்குக் காட்டினார். ஹேண்ட்பால் என்றால் ஒரு கையில் பந்தைப் பிடித்து மற்றக் கை முட்டியால் குத்த வேண்டும். விட்டன் திறந்த கையாலேயே தட்டிவிடுவாராம், அவ்வளவு வேகம். பின்னாளில் அதைத் தடைசெய்துவிட்டார்கள். கிழவர் காகிதக் கோப்பையை வைத்துச் செய்துகாட்ட, அது எதிர்க்கட்டிலுக்குப் பறந்தது. நல்லவேளை, வெறுங்கோப்பை. அந்தக் கட்டில்காரர் எசென்டன் ரசிகர். அவர் அதைத் திருப்பி எறிந்தார். நாலு கட்டிலிலும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் செய்துகாட்டினேன்.

ஜூன் 14

ஸ்கான் தள்ளிப்போய்விட்டது. புதன்கிழமையாம். காரணம் சொல்லவில்லை. காரிலிருந்து இறங்க மனமில்லாமல் இருந்தேன்.

அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை. அவரை உசுப்ப வேண்டும் என்றோ என்னவோ, கிழவர் எங்கள் பழைய ஆட்டக்காரர் கேரி டெம்ப்சியின் கதையை எடுத்தார். 1969 ஜனவரியில் லாராவில் காட்டுத்தீ. டெம்ப்சி அதில் அகப்பட்டு உடம்பெல்லாம் எரிகாயம். இனி ஆடமாட்டார் என்றார்கள். அந்த ஆள் திரும்பி வந்து 1975இல் பிரவுன்லோ பதக்கம் வாங்கினார், லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று.

அப்பா கேட்டுவிட்டு, "பிறகு நோர்த் மெல்பேர்ண் அணிக்குப் போனவர்தானே" என்றார்.

கிழவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. நெருப்புக்குள்ளிருந்து எழும்பி வந்த மனுஷன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதைக் கேட்க நீ யார் என்றார். திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டார்.

நான் கிழவர் பக்கம். ஆனால் அப்பா ஏன் யார் இருந்தது, யார் போனது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்கு விளங்குகிறது. அவருடைய அண்ணன்மார் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில். நேரே கண்டு எத்தனை காலம்.

ஜூன் 15

திரைச்சீலை திறந்துவிட்டது. அப்பா தன்னுடைய ஜெலியைக் கிழவருக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்று எங்கள் ஆட்டக்காரர் கிறிஸ் கிரான்ட்டின் கதை. எனக்கும் சொல்ல ஏதோ இருந்தது, ஏனென்றால் கிரான்ட் என்னுடைய காலம். 1996இல் போர்ட் அடிலெய்ட் கிளப் பெரிய காசு தருவதாகக் கூப்பிட்டது. ஒரு சின்னப் பிள்ளை, போகவேண்டாம் என்று கடிதம் எழுதி அதற்குள் 20 சதம் வைத்து அனுப்பியது. கிரான்ட் போகவில்லை. அந்த 20 சதத்துக்காகத்தான் நின்றார் என்று நான் சின்ன வயதில் முழுமையாக நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

அடுத்த வருஷம் அவருக்கு நடந்ததை மன்னிக்க முடியாது. பிரவுன்லோவில் 27 வாக்கு, எல்லாரையும்விடக் கூட. ஒரு மட்ச் தடை வாங்கியிருந்ததால் தகுதியில்லை என்று, 26 வாக்கு எடுத்த ராபர்ட் ஹார்விக்குக் கொடுத்தார்கள். அதே செப்டெம்பரில்தான் அடிலெய்டிடம் இரண்டே இரண்டு புள்ளியால் தோற்றோம், இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே. எங்கள் லிபராட்டோரே அடித்தது கோல். அவர் கையைத் தூக்கிக் கொண்டாடிவிட்டார். நடுவர் கோல் இல்லை, ஒரு புள்ளிதான் என்றார். எனக்குப் பதினொரு வயது. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. அம்மா புட்டை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

"அது கோல்," என்றார் கிழவர்.

"கோல்தான்," என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

321 மட்ச் விட்டன். அதைத் தாண்டி 329 ஹாக்கின்ஸ். அதைத் தாண்டி 341 கிரான்ட். அதைத் தாண்டி 364 பிராட் ஜான்சன். கார் ஓட்டும்போது இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நாலு எண்ணும் ஒரே கிளப்பில்.

ஜூன் 17

எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

1995 ஜூன் 17, எம்.சி.ஜி. மைதானம். விக்டோரியா, சவுத் ஆஸ்திரேலியா மாநில அணிகள் ஆடிய நாள். விட்டனுக்குப் புரொஸ்டேட் புற்று. கண் தெரியாது. ஒரு காரில் ஏற்றி மைதானத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள், மகன் பக்கத்தில் அணைத்தபடி. கிழவர் அன்று அங்கே இருந்தவர். விட்டன் கையசைத்துக்கொண்டே வந்தாராம். ஆனால் சனம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் திரும்பினார், அதனால் நாங்கள் இன்னும் பலமாகக் கத்தினோம் என்றார். எதிரணியான கொலிங்வுட்டின் ரசிகர்கள்கூட அழுதார்களாம்.

ஆகஸ்ட் 17இல் போய்விட்டார். 62 வயது.

அப்பாதான் இன்று கேட்டார். "அதுக்குப் பிறகு எவ்வளவு நாள் இருந்தவர்?"

கிழவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "கொஞ்ச நாள்," என்றார் கிழவர். அவர் திகதியெல்லாம் தெரிந்த மனுஷன்.

அப்பாவுக்கு 71. இது வேறு. டொக்டரும் வேறு என்றுதான் சொன்னார். நான் கேட்டேன், இரண்டு தரம் கேட்டேன்.

ஜூன் 18

ஸ்கான் முடிந்தது. குளிரில் நடுங்கினார்.

ஜூன் 20

கிழவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெரிபியில் மகள் வீடு. போகும்போது அப்பாவின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார். மத்தியானமே எடுத்துவிட்டார். பாப் மர்ஃபியைப் பற்றி நாங்கள் கதைக்கவேயில்லையே என்றாராம்.

ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தோம். 2016இல் மர்ஃபிதான் அணித்தலைவர், மூன்றாவது சுற்றில் முழங்கால் போய்விட்டது. மிச்ச வருஷம் முழுக்க வெளியே. ஏழாவது இடத்தில் முடித்த அணி ஒவ்வொன்றாக வென்று, அக்டோபர் 1ஆம் தேதி சிட்னியை 22 புள்ளியால் அடித்துக் கிண்ணத்தைத் தூக்கியது. 62 வருஷம். பயிற்றுநர் லூக் பெவரிட்ஜ் மேடையில் தன் பதக்கத்தைக் கழற்றி மர்ஃபியைக் கூப்பிட்டு அவர் கழுத்தில் போட்டார். மர்ஃபி பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று எங்கள் வீட்டில் அப்பா கதிரையில் இருக்கவில்லை, ரி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டே பார்த்தார், வெஸ்டர்ன் ஓவலில் நின்றதுபோல. பதக்கம் போட்டபோதுதான் அழுதார். அப்போதுதான் சம்பளக் கதையையும் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா கோபப்படவில்லை. "அப்ப இதில எங்கட பங்கும் இருக்கு" என்றார்.

மர்ஃபி திருப்பிக் கொடுத்தது சரியா என்று போனில் பெரிய தர்க்கம். அப்பா, சரி. கிழவர், வைத்திருக்க வேண்டும். முடிக்கும்போது கிழவர் "350" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டார்.

ஜூன் 21

தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு, நான் குளித்துக்கொண்டிருந்தபோது. திரும்ப எடுத்தால் அலுவலகம் மூடியாகிவிட்டது, திங்கள் காலை எடுக்கச் சொல்லிப் பதிவு. சனிக்கிழமையில் ஏன் எடுத்தார்கள்? நல்லதென்றால் சனிக்கிழமை எடுப்பார்களா? கெட்டதென்றால் விட்டுவிட்டுப் போவார்களா?

ஜூன் 22

அம்மா கோவிலுக்கு. நான் போகவில்லை.

ஜூன் 23

டொக்டர் பத்தரைக்கு வருவார். கேட்க வேண்டியவை:

ஊசியா, குளிசையா, இரண்டுமா.

ரேடியேஷன் என்றால் தினமும் போய்வர வேண்டுமா.

பசிக்கு ஏதாவது கொடுக்கலாமா.

எலும்பு என்று எழுதியிருந்தால் எந்த எலும்பு.

ஆகஸ்டில் ஒரு மட்சுக்குக் கூட்டிப்போகலாமா, எவ்வளவு நேரம் நிற்கலாம். இருக்கமாட்டார், நிற்பார், அதைச் சொல்ல வேண்டும்.