எட்டு சதுர மீட்டர் பாய்க்கு ஏற்ற பலகை: பிரப்பன்வலசையில் ஆறு மாதம்

மாசி பிறந்ததும் எங்கள் பக்கம் காற்று தளர்ந்துவிடும். மார்கழியில் கரையைப் பிய்த்தெடுத்த வாடை அடங்கி, காலையில் தண்ணீர்மேல் சுருக்கம் மட்டும் விழும். பிற்பகலில் பத்து, பன்னிரண்டு நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் காற்று வரும். வைகாசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பும்வரை இவ்வளவுதான். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும்தான் எனக்குக் கடல், அதாவது பலகைமேல் நின்று பாய் பிடித்து ஓட்டும் விண்ட்சர்ஃபிங். அன்றைக்கு அடிக்கிற காற்றில் ஓடினால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வாரம். அதனால் இந்த ஆண்டு பெரிய பாய் ஒன்று வாங்கினேன். 8.0 சதுர மீட்டர், கேம் (பாயின் வளைவைத் தாங்க மாஸ்ட்டில் கவ்வும் துண்டு) இல்லாதது, என்னிடம் இருந்த 460 செ.மீ. மாஸ்ட்டிலேயே (பாய்மரம்) ஏறும். 8.5 என்று போயிருந்தால் பெரும்பாலும் 490 மாஸ்ட் கேட்கும், அது தனிச் செலவு. பெரிய பாய் வாங்க நினைப்பவர்கள் மாஸ்ட்டையும் பூமையும் (பாயைக் கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு) முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பாய் வந்தது. போர்டு பழையது: கொள்ளளவு 118 லிட்டர், 66 செ.மீ. அகலம், வாலடியில் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் துடுப்பான ஃபின் 38 செ.மீ. 6.5 பாயோடு நான்கு வருடம் எனக்கு நன்றாக உழைத்த போர்டு. அதன்மேல் 8.0 பாயை மாட்டிக்கொண்டு பாக் விரிகுடா ஓரத்துப் பிரப்பன்வலசைக் கரையிலிருந்து இறங்கினேன். ஏறி நின்றதுமே மூக்கு தண்ணீருக்குள் போனது. பாயைத் தூக்கி நிறுத்தக் கயிற்றை இழுக்கும்போது கணுக்கால்வரை தண்ணீர். ஒருவழியாகப் பாயில் காற்றைப் பிடித்து, போர்டு நீரை உழுவதை விட்டு மேலே எழும்பி வழுக்கத் தொடங்கியது. அந்த இடத்துக்குத்தான் பிளேனிங் என்று பெயர், அதற்காகத்தான் இத்தனை பாடும். பத்து விநாடி ஓடியிருக்கும். பின்காலில் அழுத்தம் கொடுத்ததும் வால் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கி, போர்டு காற்றின் போக்கில் சறுக்கியது. திரும்ப நிமிர்த்தி, திரும்ப ஓட்டி, திரும்பச் சறுக்கல். அரை மணி நேரத்தில் இறங்கிய இடத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி, அரியமான் பக்கம் கரையேறி, போர்டைத் தலையில் வைத்து நடந்து வந்தேன்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் எஞ்சின் வருவதற்கு முன்னால் பாய் வத்தையில் (பாய்மரப் படகு) தொழில் செய்தவர். போர்டைப் புரட்டிப் போடச் சொன்னார். ஃபின்னை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “பாயை மட்டும் பெருசாப் போட்டா ஆச்சா தம்பி? அடப்பலகை அதே கட்டையாத்தானே கெடக்கு. அதான் ஒன்னயப் பக்கவாட்டுல தள்ளிக்கிட்டுப் போகுது” என்றார்.

அடப்பலகை என்பது கட்டுமரத்திலும் பாய்த்தோணியிலும் தண்ணீருக்குள் இறக்கும் பலகை. பாய் பக்கவாட்டில் தள்ளும் விசையை எதிர்த்து நிற்பது அதன் வேலை. ஃபின் செய்வதும் அதே வேலைதான். பாய் பெரிதானால் பக்கத் தள்ளல் கூடும். ஃபின் சிறியதாகவே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் அதைச் சுற்றி ஓடும் நீர் பிடிப்பை விட்டுவிடும். அந்த நொடிதான் என் வால் வழுக்கிய நொடி. சரி, பெரிய ஃபின் மாட்டிவிடலாமே என்றால், 66 செ.மீ. போர்டில் 48 செ.மீ. ஃபின்னின் தூக்கலை என் காலால் அடக்க முடியாது, போர்டு ஓரத்தில் எழும்பிவிடும். கால் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நெம்புகோல். அகலமான போர்டு கொடுப்பது அந்த நெம்புகோலைத்தான். பெரிய பாய், நீண்ட ஃபின், அகலமான போர்டு மூன்றும் ஒரே கட்டில் வருகிறவை.

லிட்டரை நான் வேறு கணக்குக்கு வைத்துக்கொண்டேன். நான் 86 கிலோ. பழைய போர்டு 8, பாயும் மாஸ்ட்டும் பூமும் சேர்ந்து ஏறக்குறைய 10, நனைந்த ஹார்னஸும் (பாயின் இழுப்பை உடம்பில் வாங்கும் பட்டை) லைஃப் ஜாக்கெட்டும் 3. மொத்தம் 107. கடல் நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்று வைத்தால் 118 லிட்டர் போர்டு 121 கிலோவைத் தாங்கும். மிச்சம் 14 கிலோ. அதனால்தான் கணுக்கால்வரை தண்ணீர். 148 லிட்டர் என்றால் 151 கிலோவுக்கு மேல் தாங்கும், மிச்சம் 40 கிலோவைத் தாண்டும். காற்று நின்றுபோனாலும் மேலே நின்று கயிற்றை இழுக்கலாம். லிட்டர் என்னை மிதக்க வைக்கும், பெரிய பாயைச் சுமப்பது அகலம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் முதல் இரண்டு வாரம் தேடினேன்.

பழைய சாமான் விற்கிறவர்களிடம் கேட்கத் தொடங்கியதும் முதலில் வந்தது ஃபார்முலா போர்டு. ஒரு மீட்டர் அகலம், 70 செ.மீ. ஃபின், லேசான காற்றில் பந்தயம் ஓடுவதற்கென்றே செய்தது. விலை மலிவு. ஆனால் எங்கள் கரையை அறிந்தவர்களுக்குத் தெரியும்: பிரப்பன்வலசையில் நூறு மீட்டர் உள்ளே போனாலும் இடுப்பளவுதான், நடுநடுவே முழங்கால் அளவுத் திட்டுகளும் உண்டு. பாக் விரிகுடாவே ஆழம் குறைந்த கடல், ஓத ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டருக்குக் குறைவு. ஆகவே ஓதம் ஏறட்டும் என்று காத்திருந்தும் பெரிய பலன் இல்லை. 70 செ.மீ. ஃபின்னை வைத்துக்கொண்டு போர்டை ஆழத்துக்கு நடத்திப் போவதற்குள்ளேயே பொழுது போய்விடும். அடுத்து ஒரு ஆர்எஸ்:எக்ஸ். 2008 பெய்ஜிங்கிலிருந்து டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் ஓடிய வகை. 2024 பாரிஸில் தண்ணீருக்கடியில் இறக்கை வைத்து மேலே எழும்பும் ஃபாயில் போர்டு வந்ததும் இவை விலைக்கு வருகின்றன. 93 செ.மீ. அகலம், நடுவில் இறக்கி ஏற்றும் டாகர்போர்டும் உண்டு. ஆண்களுக்கான ஃபின் 66 செ.மீ. அதே சிக்கல், கூடவே நல்ல எடை.

டெக்னோ 293 ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி ஒரு ஞாயிறு முழுக்க ஓட்டினேன். 293 செ.மீ. நீளம், 79 செ.மீ. அகலம், 205 லிட்டர், 46 செ.மீ. ஃபின், டாகர்போர்டு. இளையோர் பந்தயத்துக்கான போர்டு என்றாலும் எட்டு நாட் காற்றில்கூட டாகரை இறக்கிவிட்டால் எதிர்க்காற்றில் கோடு கிழித்த மாதிரி ஏறியது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, பிளேனிங் பற்றிக் கவலைப்படாமல் கடலைச் சுற்றிவர, இதைவிட நல்லது கிடைக்காது என்றே சொல்வேன். ஆனால் காற்று பன்னிரண்டைத் தாண்டும்போது என் மனம் கேட்டது அந்த வழுக்கலைத்தான், அது இதில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

கடைசியில் பந்தயத்துக்கு அல்லாமல் பொழுதுபோக்காக ஓட்டும் ஃப்ரீரைட் வகையில் இரண்டு போர்டுகள் நின்றன. ஒன்று 165 லிட்டர், 85 செ.மீ. மற்றொன்று 148 லிட்டர், 77 செ.மீ. பெரிய பாய்க்குப் பெரிய அகலம் என்று பார்த்தால் முதலாவதுதான் சரி. அதற்குக் கூடவே வந்த ஃபின் 54 செ.மீ. இங்கேதான் எங்கள் கடலின் புல் குறுக்கே வந்தது. பாக் விரிகுடாவின் அடியில் பரவிக்கிடக்கும் கடற்புல்தான் ஆவுளியாவுக்கு (கடற்பசு) மேய்ச்சல் நிலம். வாடைக்குப் பிறகு அறுந்து மிதக்கும் தாள்கள் நீட்டு ஃபின்னில் சுற்றிக்கொண்டால் ஓட்டம் முடிந்தது. புல் வழிந்துபோக வேண்டுமானால் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் வேண்டும், அதில் ஆழம் குறைவு. எனவே என் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: இந்தக் கரையில் நான் மாட்டக்கூடிய ஃபின் எவ்வளவு? அந்த ஃபின்னால் எவ்வளவு அகலத்தைத் தூக்க முடியும்?

இதற்கு நடு அகலத்தைவிட வால் அகலம்தான் பதில் சொல்லும். வால் நுனியிலிருந்து ஒரு அடி தள்ளி டேப்பை வைத்து அளக்க வேண்டும். 85 போர்டில் அது 60 செ.மீ. இருந்தது, 77 போர்டில் 51. அகல வாலுக்குக் குட்டை ஃபின்னை மாட்டினால் வாலைத் தூக்க ஆளில்லை, போர்டு தண்ணீரில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். 51 செ.மீ. வால் என்றால் சாய்ந்த ஃபின்னுக்கும் அடங்கும். ஆழமான, புல் இல்லாத கடலில் ஓட்டுபவருக்கு நான் 85 போர்டைத்தான் சொல்வேன். இங்கே 77.

வாங்குவதற்கு முன் சென்னைக்கே போய்ப் பார்த்தேன். குதிகால் படும் இடங்களிலும் மாஸ்ட் பொருத்தும் பள்ளத்தைச் சுற்றியும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கினால் உள்ளே தோல் பிரிந்திருக்கிறது. பிறகு ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகப் பேசும், பிரிந்த இடம் மொத்தையாகப் பேசும். எடைத் தராசில் 9 கிலோ காட்டியது, ஆகவே தண்ணீர் குடிக்கவில்லை. லோடு வேனில் ராமநாதபுரம் வந்தது. இறக்கும்போது மேல்தளம் தொட முடியாத சூடு. காற்றுத் திருகைத் தளர்த்தினேன், ஐந்தாறு விநாடிக்கு ‘உஸ்’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நுரையின் காற்று சூட்டில் விரிந்து தோலைத் தள்ளுகிறது. எங்கள் வெயிலில் போர்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இந்தத் திருகை மறக்கக் கூடாது. கடலில் இறங்குமுன் மூடவும் மறக்கக் கூடாது.

பங்குனி முதல் ஞாயிறு. காற்று வடகிழக்கில் பன்னிரண்டு நாட், கரையை நோக்கித் தள்ளும் காற்று, பயமில்லை. முதலில் கூட வந்த 48 செ.மீ. நேர் ஃபின். மூன்றாவது எட்டிலேயே போர்டு எழும்பியது. பாயைப் பின்னால் சாய்த்து ஹார்னஸில் உட்கார்ந்தபோது பழைய போர்டில் ஒருநாளும் உணராத ஒன்று: காலுக்கடியில் தண்டவாளம் போட்ட மாதிரி ஒரு பிடி. இருநூறு மீட்டர் அப்படி ஓடியபின் வேகம் குறைந்துகொண்டே வந்தது, யாரோ பின்னாலிருந்து துண்டைப் பிடித்து இழுப்பதுபோல. இறங்கிப் பார்த்தால் ஃபின்னில் ஒரு கைப்பிடிப் புல். அன்று ஒன்பது முறை இறங்கி எடுத்தேன்.

அடுத்த வாரம் 40 செ.மீ. சாய்வு ஃபின். எழும்புவதற்கு இன்னும் இரண்டு நாட் காற்று கூடுதலாகக் கேட்டது. எதிர்க்காற்றில் ஏறும் கோணமும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மாலைவரை ஒரு தடவைகூடப் புல்லுக்காக இறங்கவில்லை. மாஸ்ட் அடியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளியதும் மூக்குத் துள்ளலும் அடங்கியது. பெரியவர் வந்து பார்த்து, “இப்ப ஏறுது” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்தாலே எனக்குப் போதும்.

சித்திரையில் ஒரு சேதம். மண்டபம் பக்கம் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை ஒன்று கயிறு அறுந்து வந்திருக்கிறது. வெயில் கண்ணில் அடித்ததில் பார்க்கவில்லை, மூக்கு அதில் மோதி ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. ஃபைபர் வள்ளம் ஒட்டுகிற பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வள்ளத்துக்கு ஊற்றும் அதே பாலியஸ்டர் ரெசினை ஊற்றினார்கள். கால் மணி நேரத்தில் ஓட்டை எலுமிச்சம்பழம் அளவாகிவிட்டது. அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோல் நுரையைக் கரைத்துவிடும். மனசு மிகவும் நொந்துபோனது. கேட்காமல் கொடுத்தது என் தவறுதான். கரைந்ததைச் சுரண்டி எடுத்து, நுரைத் துண்டு வைத்து, எபாக்ஸி ரெசினால் நானே மூன்று அடுக்கு ஃபைபர் துணி ஒட்டினேன். எபாக்ஸி நுரையைத் தொடாது. இந்த வகைப் போர்டுக்கு எபாக்ஸி தவிர வேறெதுவும் கூடாது.

வைகாசிக் கடைசியில் கச்சான் வந்தது. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் தெற்கே மன்னார் வளைகுடா முழுக்க வெள்ளை நுரை, வடக்கே பாக் விரிகுடா தட்டையாகக் கிடக்கும். அந்தத் தட்டை ஆளை ஏமாற்றும். காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காலம் அது. மாஸ்ட் அடி உடைந்தால் போய்ச் சேரும் திசை நடுக்கடல். துணைக்கு வள்ளம் இல்லாமல் நான் அந்தப் பக்கம் இறங்குவதில்லை. வள்ளத்தோடு ஒருநாள் புதிய போர்டில் 6.5 பாயைப் போட்டுப் பார்த்தேன். இருபது நாட் காற்றில் அகலம் முழுக்கக் காற்றை வாங்கி, போர்டு அலைக்கு அலை தட்டி, முட்டியை உலுக்கிவிட்டது. மறுவாரம் பழைய 66-ஐ எடுத்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. அதை விற்கலாம் என்றிருந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இப்போது ஆவணி. கச்சான் குறையத் தொடங்கியிருக்கிறது. 44 செ.மீ. சாய்வு ஃபின் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், வாடைக்கு முன்னால் வந்துவிடும். 40-க்கும் 48-க்கும் நடுவில் எவ்வளவு புல் வழிகிறது, எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்பதை மாசியில் அதே 8.0 பாயோடு ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.