மஞ்சள் டப்பாவும் அலாஸ்கா நெடுஞ்சாலையும்

அலாஸ்கா வரைக்கும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் வந்தோம் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது, "கரடி பார்த்தீங்களா?" பார்த்தோம். பதினொன்று. மகன் நோட்டில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறான். சாலையோரப் புல்லில் பூக்களை மேய்ந்துகொண்டிருந்தவை எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கரடி இல்லை, சாலைதான்.

நாங்கள் கனடாவில் எட்மன்டன்காரர்கள். இவர், நான், மகள், மகன், கூடவே அத்தை. டிரெய்லர் 23 அடி, கைமாறி வந்தது. இரண்டு அச்சு, நான்கு சக்கரம், பின்பக்கம் அத்தைக்குக் கட்டில். ஜூலை முதல் வாரத்தில் கிளம்பினோம். டாசன் கிரீக் வரை ஏறக்குறைய 600 கிலோமீட்டர், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கேதான் அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் மைல் சுழியம். கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லாரும் எடுக்கிற அதே படத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

ஃபோர்ட் நெல்சனைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. நெடுஞ்சாலையிலேயே உயரமான இடம் சம்மிட் லேக், 1,295 மீட்டர். ஏற்றத்தில் பெட்ரோல் முள் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாதித் தொட்டி ஆனதும் அடுத்து எந்த பங்க் வந்தாலும் நிரப்பிவிட வேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். இரண்டு இடங்களில் அந்தச் சட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது.

மஞ்சோ ஏரியைத் தாண்டி ஒரு வளைவில் டிரெய்லரின் டயர் உரிந்தது. வெடிக்கவில்லை, மேல்தோல் மட்டும் வாழை மட்டை மாதிரி உரிந்து சக்கரக் கூட்டில் படபடவென்று அடித்தது. இறங்கிப் பார்த்தால் மற்ற டயர்களின் பட்டன், அதாவது தரையில் படும் வரிகள், எல்லாம் புதுசு போலத்தான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பார் என்று இவர் காட்டினார்: 2316. 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருளாம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே கெட்டுப்போவது அதிகம். வாங்கும்போது நாங்கள் பட்டனைப் பார்த்தோம், அந்த எண்ணைப் பார்க்கவில்லை. தப்பு எங்களுடையதுதான். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஊர்ந்து போனோம், வைட்ஹார்ஸ் போய்ச் சேர்ந்ததும் நான்கையும் மாற்றினோம். பட்ஜெட்டில் அது பெரிய ஓட்டை.

அன்று சாயங்காலமே லியார்ட் வெந்நீர் ஊற்று வந்தது நல்ல காலம். சதுப்பு நிலத்தின் மேல் போட்ட மரப்பலகைப் பாதையில் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தால், காட்டுக்கு நடுவே ஆவி பறக்கும் குளம். மேல் பக்கம் 50 டிகிரியை ஒட்டிச் சுடுகிறது, கீழே வர வர இதமாகிறது. அத்தை முட்டிவரை இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "இதுக்கே வந்திருக்கலாம்டா" என்றார் இவரிடம். மறுநாள் காலையில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையை மறித்து நின்றது. ஹாரன் அடிக்கக் கூடாது, அவை போகும்போது போகும். இருபது நிமிடம் ஆயிற்று.

வாட்சன் லேக்கில் ஊர்ப்பலகைகளின் காடு இருக்கிறது. 1942-இல் சாலை போட வந்த ஒரு சிப்பாய், வீட்டு நினைப்பில் தன் ஊர்ப்பெயரை எழுதி நட்டு வைத்ததில் தொடங்கியது. இப்போது 70,000-ஐத் தாண்டிவிட்டது. மகள் வீட்டிலேயே பலகையில் எங்கள் எல்லாரின் பெயரையும் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். சுத்தியல் எடுத்து வர நாங்கள் மறந்துவிட்டோம். பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் கொடுத்தார்.

சரி, சாலைக்கு வருகிறேன்.

வைட்ஹார்ஸ் தாண்டி ஹெயின்ஸ் ஜங்ஷன், அப்புறம் குளுவானி ஏரி. ஏரியின் தென்முனையில் ஓர் ஆற்றுப்படுகை, பார்த்தால் பாலைவனம். 2016 மே மாதத்தில் மேலே உள்ள காஸ்கவால்ஷ் பனியாறு பின்வாங்கியதில், உருகிய தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பேரிங் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர் சில நாட்களில் பசிபிக் பக்கம் போகத் தொடங்கியது. மிச்சம் இருப்பது புழுதி. நாங்கள் போன அன்று காற்று. ஜன்னலை எல்லாம் மூடியும் டிரெய்லருக்குள் தலையணை மீது மாவு தூவினாற்போலப் படிந்திருந்தது. மகன் அதில் விரலால் தன் பெயரை எழுதினான்.

டிஸ்ட்ரக்ஷன் பே என்ற சின்ன ஊரிலிருந்து பீவர் கிரீக் வரை 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்களுக்கு நாலரை மணி நேரம் பிடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல தார்ச்சாலைதான். கிட்டே போனால் அலை. சாலையே கடல் மாதிரி ஏறி இறங்குகிறது. மோசமான இடங்களில் ஓரத்தில் சின்ன ஆரஞ்சுக் கொடி நட்டிருப்பார்கள். கொடியைப் பார்த்ததும் 40-க்கு இறங்க வேண்டும். கொடி இல்லாத இடத்திலும் பள்ளம் இருக்கிறது என்பது அடுத்த பாடம். முன்னால் பிக்கப் ஏறும்போது பின்னால் டிரெய்லர் இறங்கும், பிறகு இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். நாள் முழுக்க சீசாப் பலகையில் உட்கார்ந்த மாதிரி.

காரணம், அந்தச் சாலைக்குக் கீழே பனிக்கட்டி இருக்கிறது. வருடக்கணக்கில் உருகாமல் உறைந்தே கிடக்கும் மண். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் இந்த வேலையைத் தொடங்கியபோது, புல்டோசரால் பாசியையும் மரத்தையும் வழித்துத் தள்ளிவிட்டு மண்ணில் சாலை போடப் பார்த்தார்கள். பாசிதான் அந்தப் பனிக்குப் போர்வை. அதை உருவியதும் வெயில் பட்டு எல்லாம் சேறாகி வண்டிகள் புதைந்தன. பிறகுதான் பாசியை அப்படியே விட்டு, அதன்மேல் மரங்களைப் பரப்பி, சரளை கொட்டினார்கள். இந்தப் பக்கத்தில் அலாஸ்காவிலிருந்து தெற்கே வந்தது 97-ஆவது பொறியாளர் படை, கறுப்பினச் சிப்பாய்களின் தனிப் படை. மொத்தச் சிப்பாய்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான் என்றாலும், அவர்கள் உழைப்பை உலகம் பேச வெகுகாலம் ஆயிற்று. எதிரே வந்த படையை அவர்கள் சந்தித்தது அக்டோபர் கடைசியில், பீவர் கிரீக் பக்கத்தில். எட்டு மாதத்தில் வழி திறந்துவிட்டது.

அன்று போட்டதைத் திருத்தும் வேலை இன்னும் முடியவில்லை. கறுத்த தார் வெயிலைக் குடிக்கிறது. குளிர்காலத்தில் ஓரத்தில் குவியும் பனியோ, கம்பளி மாதிரி மண்ணை மூடிக் குளிர் இறங்க விடாமல் செய்கிறது. மேலேயும் சூடு, பக்கத்திலும் சூடு, நடுவில் சாலை தொய்கிறது.

பீவர் கிரீக்கில் நிறுத்தி டிரெய்லர் கதவைத் திறந்தேன். மஞ்சள். மேல் அலமாரியின் கதவு கீலோடு தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் தூள் டப்பா மூடி திறந்து கட்டில், தரை, சிங்க், மகளின் போர்வை என்று ஒன்றையும் விடவில்லை. தூளுக்கு நடுவே கீலின் திருகாணி ஒன்று பளபளவென்று கிடந்தது. குலுங்கிக் குலுங்கித் தானாகவே கழன்று வந்திருக்கிறது. கூட இருந்த குழம்புப்பொடி டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எந்த ஊர் நியாயமோ. ஈரத் துணியால் துடைக்கத் துடைக்கப் பரவியது. அத்தை, "காய்ஞ்ச துணியில தட்டணும்மா" என்றார். எல்லாம் முடிந்த பிறகு.

அரைமணி நேரத்தில் எல்லை. அதிகாரி டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்து, தரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன இது என்றார். நான் வார்த்தை தேடுவதற்குள் வண்டிக்குள்ளிருந்து அத்தை, "மஞ்சத்தூள்யா" என்றார் தெளிவாக. மகள் மொழிபெயர்த்தாள். அவர் சிரித்துவிட்டார்.

அலாஸ்கா நெடுஞ்சாலை டெல்டா ஜங்ஷனில் முடிகிறது. மைல் 1422 என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். வளைவுகளை நேராக்கியதில் உண்மைத் தூரம் குறைந்துவிட்டது, எண்ணை மட்டும் மாற்றவில்லை. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் எண்ணெய்க் குழாய் டனானா ஆற்றைத் தொங்குபாலத்தில் கடக்கிறது. 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய குழாய், மொத்தம் 800 மைல். அதில் பாதிக்கு மேல் தரையில் படாமல் கால் வைத்து நிற்கிறது, சூடான எண்ணெய் பனியை உருக்கிவிடக் கூடாது என்று. உறைமண் உள்ள இடங்களில் கால்களின் தலையில் ரேடியேட்டர் மாதிரி தகடுகள், மண்ணிலிருக்கும் சூட்டை இழுத்துக் காற்றில் விட. மகன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரோட்டுக்கும் கால் வச்சிருக்கலாமே" என்றான். இவர் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் போனார்.

திரும்பி வரும்போதும் அதே 200 கிலோமீட்டர். அதே கொடிகள், அதே அலை. திருகாணிகளை எல்லாம் முடுக்கியாயிற்று, அலமாரிக் கதவுக்கு டேப் ஒட்டியாயிற்று. ஆனாலும் அத்தை நம்பவில்லை. பிக்கப்பின் பின் சீட்டில், மடியில் துண்டை விரித்து, மிச்சமிருந்த மஞ்சள் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவந்தார்.