விசா ஒன்று, சிம் மூன்று

போன வருடம் ஆவணியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்வந்தேன். தங்கச்சியின் மகளுக்குச் சாமத்திய வீடு. அது முடிய, சூரிச்சில் இருக்கிற பெரியண்ணா வீட்டில் பத்து நாள். விசாவுக்கு அலைந்த கதையை எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. சிம் கதை வேறு. இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையிலேயே இந்த வருடம் இரண்டு அம்மாமார் பிள்ளைகளிடம் போக வெளிக்கிடுகிறார்கள். இரண்டு வீட்டிலும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணை, போனுக்கு என்ன செய்தனீங்கள்?" வாயால் சொல்லி அலுத்துவிட்டது.

போக முன் எனக்குக் கிடைத்த ஆலோசனை மூன்று. கிளிநொச்சியில் ரீலோட் போடுகிற கொமினிகேசன் கடைப் பெடியன், "ரோமிங்கைத் திறந்து விட்டிட்டுப் போங்கோ, வேற ஒண்டும் தேவையில்லை" என்றான். பாரிசில் இருந்து மச்சான், "ஒண்டும் வாங்காதேங்கோ, இஞ்ச வந்து பாப்பம்" என்றார். சாமத்தியப்பட்ட மருமகள் குரல் பதிவில், "மாமா, இ-சிம் வாங்குங்கோ, பிளேன் இறங்கின உடனேயே வேலை செய்யும், அம்மம்மாவுக்கும் போடுங்கோ" என்றாள். ரோமிங் என்றால் ஊர் சிம்மே வெளிநாட்டிலும் வேலை செய்கிற வசதி. இ-சிம் என்றால் துண்டு போடாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். மூன்றும் பிழையில்லை. என்னிடம் என்ன போன் இருக்கிறதென்று மூன்று பேரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

*#06# அடித்துப் பார்த்தேன். ஐஎம்ஈஐ என்கிற, போனின் அடையாள இலக்கம் இரண்டு வந்தது. இ-சிம் ஏற்கிற போன் என்றால் அவற்றோடு ஈஐடி என்று நீளமான இன்னோர் இலக்கமும் காட்டும். என்னுடையதில் இல்லை. ஆகவே இ-சிம் கதை அந்த நிமிடமே முடிந்தது. அம்மாவுடையதோ பட்டன் போன். ஒரு முறை சார்ஜ் பண்ணினால் நாலு நாள் நிற்கும், கிணற்றுக்கட்டில் இருந்து விழுந்தும் உயிரோடு இருக்கிறது. அதை மாற்றுவோமா என்று கேட்டதற்கு, "நான் என்ன படம் பாக்கவோ போறன்?" என்றா.

என்னைப் பொறுத்தவரை, போகிற நாட்டு சிம்மைப் பற்றி யோசிக்க முன்னம் இங்கத்தை நம்பரை உயிரோடு வைத்திருப்பதற்கு வழி பார்க்க வேண்டும். காசு அனுப்பும்போது வங்கி கேட்கிற ஒருதர இலக்கம், அந்த ஓடிபி, அதற்குத்தான் வரும். வயல் விஷயம், செத்தவீடு, மாடு கன்று எல்லாம் அதற்குத்தான் வரும். அந்த நம்பருக்கு ரோமிங்கை இலங்கையில் நிற்கும்போதே திறந்துவிட வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு, வேலை செய்யாத போனில் இருந்து யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது?

கிளிநொச்சிச் சேவை நிலையத்தில் என்னுடைய நம்பர் ஐந்து நிமிட வேலை. அம்மாவின் நம்பரை அடித்த பிள்ளை திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பத் திரையைப் பார்த்தாள்.

"அம்மா, இது ஒரு ஆம்பிளையின்ர பேரில இருக்கு."

பெரியம்மாவின் மகன். 2010 இல் முகாமால் வந்து மீளக்குடியேறின நேரம் அம்மாவிடம் அடையாள அட்டை இல்லை. அது முள்ளிவாய்க்காலில் எங்கேயோ ஒரு பங்கருக்குள் கிடக்கிறது. அந்தத் தம்பிதான் வவுனியாவில் தன்னுடைய அட்டையைக் கொடுத்து சிம் எடுத்துத் தந்தான். பதினைந்து வருடமாக யாரும் அதை நினைக்கவில்லை. வன்னியில் இப்படி எத்தனை பேருடைய நம்பர் எத்தனை பேருடைய பெயரில் ஓடுகிறதோ தெரியாது. உங்களுடையது உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று #132# அடித்துப் பார்க்கலாம். இதை டிக்கெட் போட்ட பிறகு பார்க்காமல் விசாவுக்குக் கொடுக்கும்போதே பாருங்கள். தம்பி ஓமந்தையில் இருந்து பஸ் ஏறி வந்து, இரண்டு பேரும் கையெழுத்து வைத்துப் பெயரை மாற்ற ஒரு பகல் போனது. திரும்பும்போது அவனுக்குக் கொத்துரொட்டியும் வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே விட்ட பிழை ஒன்று பிறகுதான் விளங்கியது. அவ்வளவு நேரம் வாங்கில் இருந்த நேரம், அந்தப் பழைய சிம்முக்குப் பதிலாக அதே நம்பரில் புது சிம் ஒன்று கேட்டிருக்கலாம். இப்போது தருகிற சிம் மூன்று அளவிலும் உடைத்து எடுக்கக்கூடியது. அம்மாவுடையது 2010 இல் எடுத்த பெரிய துண்டு, இப்போதைய ஸ்மார்ட் போன்களுக்குள் போகாது.

சேவை நிலையத்துப் பிள்ளை மூன்று விஷயம் சொன்னாள். வெளியில் நிற்கும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசில்லை. வருகிற அழைப்பை எடுத்தால் எங்களுக்குக் காசு வெட்டும். டேட்டா ரோமிங்கை மறந்தும் திறக்கக் கூடாது. நடுவில் சொன்னதை அம்மாவுக்கு இரண்டு தரம் சொன்னேன். தலையாட்டினா.

டோஹாவில் விமானம் மாறும்போதும் பாரிசில் இறங்கியபோதும் விமான நிலைய வைஃபையே போதுமாக இருந்தது. வட்ஸ்அப்பில் மச்சானைப் பிடித்து எந்த வாசலென்று கேட்டோம். இறங்கிய உடனே சிம் இல்லாவிட்டால் உலகம் இருண்டுபோகும் என்று பயப்பட வேண்டாம். எங்கள் ஆட்களைக் கூட்டிப்போக யாரோ வந்துதான் நிற்பார்கள்.

அடுத்த நாள் லாச்சப்பல், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெரு. காது நோர் (Gare du Nord) ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் அடுக்கின கடைகளுக்கு நடுவில், சிம் விற்கிற கடைக்குப் போனோம். அந்தத் தெருவில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சமாதான காலத்தில் வெளிநாட்டு அழைப்பு வருகிறதென்றால் கொமினிகேசனில் நேரம் சொல்லி வைத்துவிட்டு வாங்கில் குந்தியிருப்போம். அந்த அழைப்புகளை மலிவாக்கிச் சம்பாதித்தவர்களிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். 2006 இல் லைகாமொபைலைத் தொடங்கின சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவில் பிறந்தவர். லெபாராவைத் தொடங்கினவர்களும் இலங்கைத் தமிழர்தான். வரிசையில் குந்தியிருந்த ஊரில் இருந்தே போய் அந்த வரிசையை வியாபாரமாக்கியிருக்கிறார்கள்.

கடைக்காரர் யாழ்ப்பாணம். நாலைந்து அட்டையை மேசையில் பரப்பினார். ஜிபியைப் பார்த்துத் தெரிவு செய்யாமல் நாட்டைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் நல்லது. நானும் கேட்கவில்லை. 20 யூரோ, 30 நாள், மட்டையில் "ஐரோப்பா" என்று பெரிதாக எழுதியிருந்தது. எடுத்தேன். பாஸ்போட்டைப் படம் எடுத்துப் பதிந்தார். ஊருக்கு அழைக்க வேறாக 5 யூரோவும் போட்டேன்.

என்னுடைய போனில் இரண்டாவது சிம் போகிற இடத்தில்தான் மெமரி கார்டும் போகும். ஒன்று இருந்தால் மற்றது இல்லை. தங்கச்சிக்குக் காட்டவென்று எடுத்த வீட்டுப் படங்களும் மாமரமும் மாடும் அந்தக் கார்டில். அவற்றைப் போனுக்கு மாற்றிவிட்டு வந்திருக்க வேண்டும். மூன்று கிழமையும், படம் காட்டுவதென்றால் அம்மாவின் சட்டை ஊசியால் குத்தி சிம்மைக் கழற்றினேன்.

இந்தக் கழற்றலில் இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. எங்கள் நாட்டு சிம் பின் இலக்கம் கேட்பதில்லை. பிரெஞ்சு சிம் ஒவ்வொரு முறையும் நாலு இலக்கம் கேட்டது. அது மட்டையில் எழுதியிருக்கும். மட்டை கடைக் குப்பைக்கூடையில். என் பிறந்த வருடத்தை அடித்தேன், பிழை. 1234, பிழை. மூன்றாவதும் பிழைத்தால் பூட்டிக்கொண்டு பியூகே என்று வேறொரு இலக்கம் கேட்கும், அதைப் பத்துத் தரம் பிழையாக அடித்தால் சிம் செத்துவிடும் என்று மருமகள் ஓடிவந்து போனைப் பறித்தாள். திரும்ப லாச்சப்பல் போய்க் கடைக்காரரிடம் கேட்க 0000 என்றார். சிம்மைப் போனில் போட முன் அந்த மட்டையை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வட்ஸ்அப்பும் புது சிம்மைக் கண்டால் நம்பரை மாற்றவா என்று கேட்கக்கூடும். மாற்ற வேண்டாம். ஊர் நம்பரிலேயே அது புது டேட்டாவில் ஓடும்.

அடுத்தது, நான் எங்கேயும் கேள்விப்படாத விஷயம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அம்மா சொன்னா. போனில் அவவின் பெயரைத் தட்டிப் பிரெஞ்சு சிம்மால் எடுத்தேன். ஒரு ஆண் குரல், நித்திரை கலைந்த குரல், "அலோ?" என்றது. நான் "அக்கா இல்லையோ?" என்றேன். அவன் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னான். வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். அதே ஆள், இந்த முறை நீளம் குறைவு, சத்தம் கூட.

விளங்கியது மச்சானுக்குத்தான். ஊரில் நாங்கள் சேமித்து வைத்திருப்பது 077 என்று தொடங்குகிற பத்து இலக்கம். பிரான்சிலும் கைபேசி நம்பர் பத்து இலக்கம், 06 அல்லது 07 இல் தொடங்கும். நான் அக்காவின் நம்பரை அடித்தபோது பிரான்சில் அதே இலக்கத்தை வைத்திருந்த யாரோ ஒருவன் எழும்பியிருக்கிறான். சுவிசிலும் இதே பிரச்சினைதான், அங்கேயும் 077, 076, 078 எல்லாம் கைபேசி நம்பர். அன்றிரவு குந்தியிருந்து எல்லாவற்றையும் +94 போட்டு, முன்னுக்கு இருக்கிற பூச்சியத்தை எடுத்துவிட்டுச் சேமித்தேன். ஊரில் நின்றும் அது அப்படியே வேலை செய்யும், ஆகவே போக முன்னமே செய்யலாம்.

அம்மாவின் போன் பாரிசில் ரோமிங்கில் நன்றாக வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. நாலாம் நாள் இரவு இரண்டரைக்கு அடித்தது. ஊரில் அப்போது காலை ஆறு மணி, மூன்றரை மணித்தியால வித்தியாசம். பக்கத்து வீட்டு அக்கா. மாடு கன்று போட்டுவிட்டது, நாம்பனோ நாகோ, இளங்கொடி விழுந்ததோ, கடும்புக்கு யார் யாருக்குக் கொடுப்பது எல்லாம் கதைத்து முடிய அம்மாவின் மீதிக் காசும் முடிந்தது. "அவள்தானே எடுத்தவள், எனக்கேன் காசு வெட்டுறான்?" என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை அவவுக்கு விளங்குகிற மாதிரிப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

பிறகு சூரிச். பாரிசின் காது லியோன் (Gare de Lyon) நிலையத்தில் ரயில் ஏறினால் நாலு மணித்தியாலம் அளவில் இறங்கலாம். எங்கள் விசா பிரான்ஸ் தந்தது, ஆனால் ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் செல்லுபடியாகிற ஒரே விசா. சுவிஸ் 2008 இல் இருந்து ஷெங்கனுக்குள் இருப்பதால் வேறு விசா தேவையில்லை. அதே நினைப்பில் சிம்மும் போதும் என்று இருந்துவிட்டேன். இரண்டும் வேறு வேறு வரைபடம். ஒரு நாட்டு சிம்மை மற்ற நாட்டில் மேலதிகக் காசில்லாமல் பாவிக்கிற சட்டம் 2017 ஆனியில் வந்தது. நான் போன நேரம் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனுக்கும்தான். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. லண்டனும் இப்போது இல்லை. பாரிசில் இருந்து ஜெர்மனிக்கோ நோர்வேக்கோ போகிறவருக்கு அந்த மட்டையில் இருந்த "ஐரோப்பா" உண்மை. எனக்கு சுவிஸ் எல்லையில் இருக்கிற பாசல் ரயில் நிலையத்தோடு முடிந்துவிட்டது. வட்ஸ்அப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. பிரெஞ்சில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. வேறாகப் போட்டிருந்த 5 யூரோவில் மிச்சம் இருந்ததை, நான் கை வைக்காமலேயே, பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு செயலி விழுங்கிவிட்டது.

அம்மா தன்னுடைய போனை நீட்டினா. "என்ர வேலை செய்யும், இந்தா." அதில் சிக்னல் கோடு ஒன்றுமில்லை. சுவிசில் 2ஜியை நிறுத்திக் கன காலம். அம்மாவுடையது 2ஜியில் மட்டும் ஓடுகிற பட்டன் போன், அங்கே அது மணிக்கூடு மட்டும்தான். அண்ணா தன்னுடைய பழைய போன் ஒன்றை எடுத்துத் தந்தார். அம்மாவின் சிம் அதற்குள் போகவில்லை. கத்தரிக்கோலால் வெட்டுவோமா என்று பெறாமகன் கேட்டான். பெயர் மாற்றப் பட்ட பாட்டை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன்.

மூன்றாவது சிம் சுவிசில் எடுத்தது, பாஸ்போட்டைக் காட்டி. அதற்குத் தேவை இருந்ததா என்றால், உண்மையாக இல்லை. அண்ணா வீட்டில் வைஃபை, வெளியில் போனால் அண்ணாவின் போனில் ஹொட்ஸ்பொட். மூன்றரைக் கிழமையில் நான் பாவித்த டேட்டா எல்லாம் சேர்த்து ஆறு ஜிபி வராது. சொந்தக்காரர் வீட்டில் நிற்கப் போகிறவர்களுக்கு ஆகச் சின்னப் பொதியே மிச்சம். ஹோட்டலில் தங்கித் தனியாகத் திரிகிறவர்களின் கணக்கு வேறு.

ஆனால் சூரிச்சில் ஒரு பின்னேரம், சிறுபோக வயல் வெட்டின மெசின்காரர் காசு கேட்டு எழுதினார். வங்கிச் செயலியைத் திறந்து தொகையை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஓடிபி இலங்கை சிம்முக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்தது. அண்ணா வீட்டுப் பல்கனியில் நின்று விசுவமடு வயலுக்குக் காசு கட்டினேன். மெசின்காரர் பெருவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

இப்போது இந்த இரண்டு அம்மாமாரின் போனையும் வாங்கி #132# அடித்தாயிற்று. முதலாமவவுடையது மகளின் பெயரில், மகள் பாரிசில். அதற்கு என்ன செய்யலாம் என்று நாளை சேவை நிலையத்தில் கேட்க வேண்டும். மற்றவவுடையது யாருடைய பெயரில் என்று அவவுக்கே தெரியவில்லை. 2010 இல் றெட்பானாச் சந்தியில் குடை விரித்து சிம் விற்ற பெடியன் ஒருவனை ஞாபகமாம், பெயர் மட்டும் வருகுதில்லையாம்.