ரிஜிஸ்டரில் 4 டிகிரி

நான் இந்த வேலைக்கு ஒரு லட்சியத்தோடு வந்தவன் இல்லை. டி.பார்ம் முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன், பல வருடம் கழித்து சீனியாரிட்டியில் கார்டு வந்தது, ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தேன். காலையில் ஓ.பி. வரிசைக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பது, மத்தியானம் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுவது, மாதக் கடைசியில் தேவையான மருந்துகளைக் கேட்டு இண்டென்ட் போடுவது, இதுதான் வேலை. சம்பளம் வந்தது, வீட்டில் நிம்மதி வந்தது. ஆனால் ராத்திரி படுத்தால், பாராசிட்டமால் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுப்பதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று ஒரு வெறுமை வரும். அதைப் போக்கிக்கொள்ளப் புத்தகங்கள் படித்தேன், தியான வகுப்புக்குக்கூடப் போனேன். வாழ்க்கையின் அர்த்தம் எங்கோ தூரத்தில், பெரிய மனிதர்களுக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

எனக்கு அது தட்டுப்பட்டது 2012-ல், நான் செய்த ஒரு தப்பின் வழியாக. இதுவரை இரண்டு பேரிடம்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஐ.எல்.ஆர். என்கிற தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கும். பார்த்தால் கடையில் ஐஸ்கிரீம் வைத்திருக்கிற பெட்டி மாதிரிதான், மேல்மூடியைத் தூக்கித் திறக்க வேண்டும். சுற்றியிருக்கிற கிராமங்களுக்கெல்லாம் போகிற தடுப்பூசி அதற்குள்தான் இருக்கும். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், ஞாயிறு, பண்டிகை எதுவும் இதற்குக் கிடையாது. சூடானால் மருந்து கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. போலியோ சொட்டு மருந்து உறைந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸுக்கான டி.டி. இவற்றிலெல்லாம் ஒரு அலுமினிய உப்பு கலந்திருக்கும், மருந்து அதோடு ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்யும். ஒரு தடவை உறைந்து உருகினால் அந்தச் சேர்க்கை குலைந்து திரிதிரியாகிவிடும். அதற்கு அப்புறம் அதைப் போட்டால் குழந்தைக்கு வலி நிச்சயம், பாதுகாப்பு நிச்சயமில்லை.

2012-ல் தமிழ்நாட்டில் கரண்ட் எப்படி இருந்தது என்று ஊர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல்கூட இருக்காது. எனக்கு இருந்த ஒரே பயம் மருந்து சூடாகிவிடக் கூடாது என்பதுதான். ஆயுத பூஜை லீவு வந்தது, நான் ஊருக்குப் போக வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் ஐ.எல்.ஆரின் குமிழைக் கடைசி வரை திருகி வைத்தேன், நன்றாகக் குளிர்ந்திருந்தால் கரண்ட் போனாலும் தாங்கும் என்று ஒரு கணக்கு. இன்னொன்றும் செய்தேன். லீவு நாட்களுக்கான வெப்பநிலையை அப்போதே ரிஜிஸ்டரில் எழுதிவிட்டேன். 4, 4, 5, 4. எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும் என்று யோசித்து நடுவில் அந்த 5-ஐப் போட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. குமிழைத் திருகியது அறியாமை, அதை மன்னித்துக்கொள்ளலாம். அந்த 5-ஐ என்னால் மன்னிக்க முடியவில்லை.

பண்டிகைக்கு மில், பட்டறை எல்லாம் மூடியிருந்ததாலோ என்னவோ, அந்த இரண்டு மூன்று நாளும் எங்கள் பக்கம் கரண்ட் பெரிதாகப் போகவே இல்லை. திரும்பி வந்து மூடியைத் தூக்கினால் தெர்மாமீட்டர் மைனஸ் 2 காட்டுகிறது. கீழே இருந்த வயல்களின், அதாவது மருந்துக் குப்பிகளின், கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் உருகித் தண்ணீர் மாதிரி ஆனது. வயல் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் ஒட்டியிருக்கும், சூடு பட்டால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்த வட்டம் சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. அதாவது, ரிஜிஸ்டர் சரியாக இருக்கிறது, வயல் மேலிருக்கிற அடையாளமும் சரியாக இருக்கிறது. நடந்தது உலகத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குத்தான் ஊசி நாள். வழக்கமாகப் புதன்கிழமை, லீவால் வியாழனுக்குத் தள்ளியிருந்தது. வராந்தாவில் தாய்மார்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். கிராமத்துக்கு எடுத்துப்போக கிராம சுகாதார செவிலியர் அக்கா, ஐஸ் பேக் வைத்த தடுப்பூசிக் கேரியரோடு வந்து நின்றார். என்னைவிட 20 வயது மூத்தவர், அவர் போடாத ஊசி இல்லை. ஒரு பென்டா வயலை எடுத்துக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன தம்பி, திரிதிரியா இருக்கு?"

"புது மருந்துல்லக்கா, அப்படித்தான் இருக்கும்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. பென்டா அப்போது நிஜமாகவே புதுசு. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும்தான் தொடங்கினார்கள், ஒரு வருடம்கூட ஆகவில்லை. படித்தவன் சொல்கிறான் என்று அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. "சரி தம்பி" என்று கேரியரில் வைத்து மூடி, தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார்.

நான் கவுண்டரில் வந்து நின்றேன். தொண்டை வறண்டுபோயிருந்தது. வரிசையில் முதலில் ஒரு சின்னப் பெண், 20 வயதுதான் இருக்கும், 45 நாள் குழந்தை, கன்னத்தில் பெரிதாக மைப்பொட்டு. பென்டாவில் முதல் ஊசி. தடுப்பூசி அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள், "சார், இது போட்டா காய்ச்சல் வருமா?" வரும்மா, மாத்திரை தருகிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். "வரட்டும் சார். காய்ச்சல் வந்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாம், எங்க மாமியார் சொன்னாங்க."

ராத்திரியெல்லாம் அந்தக் குழந்தை அழும். அவள் மடியில் போட்டு ஆட்டிக்கொண்டு, பரவாயில்லை, இது நல்லதுக்குத்தான் என்று விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். எதற்காக என்று எனக்கு மட்டும் தெரியும்.

சுகாதார ஆய்வாளரின் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். நல்லவேளை, பஸ் வரவில்லை. கேரியரைத் திருப்பிக் கேட்டேன், குமிழைத் திருகியது, ரிஜிஸ்டர் எழுதியது எல்லாவற்றையும் அந்தப் புளியமரத்தடியிலேயே சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. "கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு சொல்லிருக்கலாம்ல தம்பி. எங்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

டாக்டர் மேடம் ரிஜிஸ்டரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அந்த வருட இன்க்ரிமென்ட் போனது. அன்றைக்குச் சொட்டு மருந்து மட்டும் கொடுத்து, ஊசிக்கு அடுத்த வாரம் வரச் சொல்லி எல்லோரையும் அனுப்பினோம். ஒரு அம்மா நூறு நாள் வேலையை விட்டுவிட்டு 6 கிலோமீட்டர் நடந்து வந்தவர், வாசலில் நின்று என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார். அவர் திட்டியது நியாயம்.

மறுநாள் குலுக்கிப் பார்க்கும் சோதனை செய்தோம். ஒரு வயலை வேண்டுமென்றே டீப் ஃப்ரீசரில் வைத்து ராத்திரி முழுக்க உறையவிட்டு, காலையில் உருக்கி, அதையும் சந்தேகப்பட்ட வயலையும் சேர்த்துக் குலுக்கி மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நல்ல மருந்தாக இருந்தால் பால் மாதிரி கலங்கியே நிற்கும், மெதுவாகத்தான் படியும். எங்களுடையது, உறையவைத்த வயலோடு போட்டி போட்டுக்கொண்டு படிந்தது. கால் மணி நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு. மேடம், அக்கா, சுகாதார ஆய்வாளர், நான், நாலு பேரும் அந்த இரண்டு குப்பிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றோம்.

அப்புறம் பல மாதங்கள் எனக்கு இதே யோசனைதான். என்னை வண்டியை எடுக்க வைத்தது எது? என் அப்பா முருக பக்தர், சாமி பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் மனிதன் தப்புக்கு அஞ்சுகிறான் என்பார். எங்கள் சுகாதார ஆய்வாளர் சுயமரியாதைக் குடும்பத்தில் பிறந்தவர், சாமிக்குப் பயந்து செய்கிற நல்லது நல்லதே இல்லை என்று வாதாடுவார். இருவருமே நேர்மையானவர்கள், அதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் கவுண்டரில் நின்ற அந்த நேரத்தில் எனக்கு முருகனும் நினைவுக்கு வரவில்லை, மெமோவும் வரவில்லை. மாட்டிக்கொள்ள வழியே இல்லாத தப்பு அது. அந்தக் குழந்தைக்கு நாலு வருஷம் கழித்து, இந்த ஊசி தடுக்க வேண்டிய தொண்டை அடைப்பான் வந்தாலும், யாரும் பின்னோக்கி வந்து என் குமிழைப் பார்க்கப் போவதில்லை.

நான் கண்டுகொண்டது இதுதான்: அந்தப் பெண்ணால் சரிபார்க்க முடியாது. அக்காவால் ஓரளவு முடிந்தது, அதையும் நான் ஒரு பொய்யால் மூடினேன். சரிபார்க்க முடியாத ஒருவர் நம்பிக் கையை நீட்டும்போது, அவருடைய கண்ணாகவும் நானே இருக்க வேண்டியிருக்கிறது. அறம் என்பதற்கு இதைவிடக் கெட்டியான அடித்தளம் எனக்குத் தெரியவில்லை. தத்துவம் படித்தவர்கள் இதில் ஓட்டை கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்கட்டும். அந்த வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

வெறுமையும் அதன் பிறகுதான் போனது. இந்த வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் இதன் கஷ்டம். காய்ச்சல் குணமானவர் வந்து கும்பிடுவார்; வராமல் போன நோய்க்கு யாரும் வந்து நன்றி சொல்வதில்லை. என் பாட்டிக்குப் பிறந்த இரண்டு குழந்தைகள் ஒரு வாரத்துக்குள் பால் குடிக்க முடியாமல் உடம்பு விறைத்து இறந்திருக்கின்றன. பாட்டி அதை ஏதோ காற்று, கருப்பு என்றே கடைசிவரை சொன்னாள், அது இரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்று எனக்குப் படித்த பிறகுதான் புரிந்தது. 2015-ல் தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வருகிற இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடம், 2014 மார்ச்சில், போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. இயற்கையாகப் பரவுகிற போலியோ வைரஸ் தாக்கிய கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். அதன் பிறகு அந்த வைரஸ் தாக்கிய குழந்தைகளின் எண்ணிக்கை பூஜ்யமாகவே நிற்கிறது. அந்தப் பூஜ்யத்தில் நாடு முழுக்க எத்தனை மருந்தறைகள், எத்தனை தெர்மாமீட்டர்கள், லீவு நாளில் சைக்கிளை மிதித்து வந்து மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போன எத்தனை பேர். பாட்டியின் அந்த இரண்டு குழந்தைகளை நினைத்துக்கொண்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வருவது எனக்குப் பாரமாக இருப்பதில்லை.

இப்போது ஈ-வின் என்ற முறை வந்துவிட்டது. ஐ.எல்.ஆருக்குள் மாட்டியிருக்கிற கருவி வெப்பநிலையைத் தானே பதிந்து அனுப்புகிறது, 2-க்குக் கீழே போனால் போனில் எச்சரிக்கை வந்துவிடும். ரொம்ப நல்ல ஏற்பாடு, என்னை மாதிரி ஒருவன் 5 என்று எழுதிவைக்க முடியாது. ஆனாலும் அது எட்டாத இடங்கள் நிறைய இருக்கின்றன. கேரியருக்குள் வைக்கிற ஐஸ் பேக்கை டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்தால், பக்கத்தில் இருக்கிற வயல் உறைந்துவிடும். வெளியே மேஜையில் பரப்பி வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பதிய எந்தக் கருவியும் இல்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை, புதிதாக வந்திருக்கிற பையன் அவசரப்பட்டான். "சார், ஏழரை பஸ் போயிடும், அக்கா கேட்ல நிக்கிறாங்க, இப்படியே வச்சிரலாமா?" ஒரு பேக்கை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கச் சொன்னேன். குலுக்கினான்.

"கேக்கல சார்."

வெளியே போய் அக்காவிடம் அடுத்த பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் அதே பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.