ஐந்தாம் குழு

மகள் பிறந்து நான்கு வருடம் கழித்துத்தான் அவளை எடுத்த சிசேரியனின் அறுவை சிகிச்சைக் குறிப்பைக் கண்ணால் பார்த்தேன். விண்ணப்பம் எழுதி, பணம் கட்டி, மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய இரண்டு தாள். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: குழந்தை பெரிது, பிரசவம் நகரவில்லை. பிறந்தபோது அவள் எடை 3.15 கிலோ.

2019இல் இங்கே சிங்கப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை. 38ஆம் வார ஸ்கேனில் 3.6 கிலோ என்றார்கள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையை ஸ்கேன் எடை போடும்போது 10, 15 சதவீதம் முன்னே பின்னே போகும் என்பதோ, சர்க்கரை இல்லாத தாய்க்கு 5 கிலோவைத் தொட்டால்தான் எடைக்காகவே சிசேரியன் பற்றி யோசிக்கச் சொல்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. 39ஆம் வாரத்தில் வலி வர மருந்து ஏற்றினார்கள். ஒன்பது மணி நேரம் கழித்துக் கர்ப்பப்பை வாய் திறந்தது 4 சென்டிமீட்டர். சாயங்காலம் கிளினிக் முடித்து வந்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இனி இழுத்துட்டு இருக்க வேணாமே" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

மருந்து ஏற்றியதுதான் தப்பு என்று ஊரில் பலரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் பிரசவக்காரர்களுக்கு 39ஆம் வாரத்தில் வலி வரவைத்தபோது 18.6 சதவீதம் பேருக்குத்தான் சிசேரியன். தானாக வரட்டும் என்று விட்டவர்களில் 22.2. ஆனால் மருந்து ஏற்றினால் காத்திருக்கவும் வேண்டும். 6 சென்டிமீட்டர் வரை திறப்பது மெதுவாகத்தான் இருக்கும், பனிக்குடம் உடைந்தபின் 12 முதல் 18 மணி நேரமாவது மருந்து ஓடட்டும் என்கின்றன அந்த நாட்டு வழிகாட்டிகள். எனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

டாக்டர் பணத்துக்காகச் செய்தார் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் பொருமிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. தனியாரில் நமக்கென்று ஒரே டாக்டர். பகலில் கிளினிக்கில் நாற்பது பேரைப் பார்த்துவிட்டு, ராத்திரி நம் பிரசவத்துக்கும் அவரேதான் ஓடி வர வேண்டும். சுகப்பிரசவம் பதினாறு மணி நேரம் இழுக்கும். சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடியும். எவ்வளவு நல்ல மனிதரையும் அந்தக் கடிகாரம் ஒரு பக்கமாகத்தான் தள்ளும்.

2023இல் மறுபடி உண்டானதும் டாக்டரின் சிரிப்பை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் கிளினிக்கில், ஏற்கெனவே சிசேரியன் என்றதும் வரவேற்பில் இருந்த பெண்ணே அடுத்ததற்கும் தேதி குறிக்கலாம் என்றாள். நல்ல நாள் பார்த்துச் சொன்னாலும் சரியாம். இரண்டாவது டாக்டர் சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்றார். கதவு வரை வந்ததும், "40 வாரம் வரைதான்" என்றார். மூன்றாவதாகப் போனது நான்கு டாக்டர்கள் முறை வைத்து ராத்திரி பார்க்கும் கிளினிக். பிரசவ நேரத்தில் யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. நிறையப் பேருக்கு அதுதான் குறை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அங்கே, "உங்களிடம் எத்தனை சதவீதம் சிசேரியன்?" என்று தைரியத்தை வரவழைத்துக் கேட்டேன். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. மொத்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது, ரெட்டைப் பிள்ளை, கால் கீழே உள்ள பிள்ளை எல்லாம் அதில் கலந்திருக்கும் என்றார். ராப்சன் என்ற மருத்துவர் 2001இல் பத்துக் குழுக்களாகப் பிரித்தாராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அதையே எல்லா மருத்துவமனைக்கும் பரிந்துரைத்தது. முதல் பிரசவம், ஒற்றைப் பிள்ளை, தலை கீழே, நாள் நிறைந்து தானாக வலி வந்தவர்கள் முதல் குழு. ஒரு மருத்துவமனையின் கை எப்படி என்று அங்கேதான் தெரியும். "நீங்க அஞ்சாவது குழு" என்றார். ஏற்கெனவே கர்ப்பப்பையில் தையல் உள்ளவர்கள். முதல் சிசேரியனைத் தவிர்த்திருந்தால் அந்தக் குழுவுக்கே வந்திருக்க மாட்டேன் என்பது பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

அவர் கேட்டதுதான் அந்த இரண்டு தாள். வயிற்றுத் தோலில் உள்ள தழும்பு எதையும் காட்டாது. கர்ப்பப்பையை எந்த வாக்கில் கீறினார்கள் என்பதே முக்கியம். கீழ்ப்பகுதியில் குறுக்காக இருந்தால் முயலலாம். மேலே நெடுக்காக என்றால் வேண்டாம். எனக்குக் குறுக்கு. நான்கில் மூன்று பேருக்குக் கைகூடும், இருநூறில் ஒருவருக்குத் தையல் விட்டுப்போகலாம், அப்படி ஆனால் நிமிடக் கணக்கில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும் என்று மூடி மறைக்காமல் சொன்னார். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. 1966இல் இங்கே சிங்கப்பூரில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர் அவர். அந்த ஒரே வருடத்தில் அங்கே ஏறக்குறைய 40,000 பிள்ளைகள் பிறந்து கின்னஸில் ஏறியது. "அப்போ யாரும்மா இவ்வளவு கேள்வி கேட்டா?" என்றார். கேட்டாரே ஒழிய, மூன்று பிரசவம் கண்ட அவர்தான் கடைசிவரை என் இடுப்பை அமுக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிரசவ நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. ஆய்வு வேறு பண்ணணுமா என்பார்.

40 வாரமும் மூன்று நாளும் ஆனபோது ராத்திரி இரண்டு மணிக்கு வலி. காலையில் 5 சென்டிமீட்டர், அப்புறம் மூன்று மணி நேரம் அப்படியே நின்றது. இடையில் பிள்ளையின் இதயத் துடிப்பு சரிந்து, அறைக்குள் நாலைந்து பேர் நுழைந்தார்கள். மூத்த மலாய்த் தாதி ஒருவர் என்னை இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தார். துடிப்பு ஏறியது. முறை மாறி வந்த டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எனக்குப் பாதி வலி போனது. மத்தியானம் அந்தத் தாதி "தெரான்! தெரான்!" என்று முக்கச் சொல்லிக் கத்தக் கத்த மகன் பிறந்தான். 3.4 கிலோ. பெரிய பிள்ளை என்று கீறி எடுத்த அக்காவைவிடக் கால் கிலோ கூட.

தையல் எனக்கு இந்த முறையும் உண்டு, கீழே. பத்து நாள் உட்கார முடியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் திருச்சியிலிருந்து தங்கை கூப்பிட்டாள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம் சிசேரியன். அதனால் அவள் நம்பரைப் பார்த்தாலே எனக்குப் பக்கென்றது. "அக்கா, தண்ணி கம்மியா இருக்காம். நாளைக்கே வந்துருங்கறாங்க." பனிக்குட நீர் எத்தனை சென்டிமீட்டர் என்று எண் கேட்கச் சொன்னேன், 5க்குக் கீழே என்றால் யோசிக்காமல் கிளம்பு, இல்லையென்றால் இன்னொரு ஸ்கேன் கேள் என்றேன். கேட்டாள். 9. இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

நேற்றோடு அவளுக்கு 38 வாரம் முடிந்தது. வலி இன்னும் வரவில்லை. பிள்ளை நன்றாக உதைக்கிறது என்கிறாள்.