துண்டுச் சீட்டு கொண்டுபோன பையன்

எங்கள் தில்லிப் பள்ளியின் சிவிக்ஸ் சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் பழைய மாணவர் மலர்க் குழு கேட்டது. மயூர் விஹாரில் அவர் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அன்று, கைகூப்பும் படங்களாகவே வந்து குவிந்தன. அவருக்கு அது பிடித்திருக்காது. ஒரே விடையைப் பத்துப் பேர் எழுதினால் பத்துப் பேருக்கும் பூஜ்யம் போட்ட மனிதர் அவர்.

நீல டைரி, ஜனவரி வெயிலில் மைதானத்து வகுப்பு, ஸ்வெட்டர் கலர் தகராறு எல்லாவற்றையும் வேறு யாராவது எழுதுவார்கள். நான் யூத் பார்லிமென்ட் பற்றி எழுதுகிறேன்.

மாணவர்கள் நாடாளுமன்றக் கூட்டம்போல் நடித்துக் காட்டும் போட்டி அது; நாடாளுமன்ற விவகார அமைச்சகம் தில்லிப் பள்ளிகளுக்காக 1966-67இல் தொடங்கியது. நாங்கள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது எனக்கு வெளியுறவு அமைச்சர் வேஷம் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்பாவுக்கு மாற்றலாகிக் கும்பகோணத்திலிருந்து ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஒத்திகையில் எழுந்து நின்று, "சர்க்கார் விசார் கர் ரஹா ஹை" என்றேன். அரசு யோசித்து வருகிறது என்று அர்த்தம்; ஆனால் இந்தியில் சர்க்கார் பெண்பால், 'ரஹீ' என்றிருக்க வேண்டும். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அவருடைய இந்தி என்னுடையதைவிட மோசம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அமைச்சர் வேஷம் ஒரு ஜாயின்ட் செக்ரட்டரியின் மகனுக்குப் போயிற்று. என்னை அதிகாரிகள் மாடத்தில் உட்கார வைத்தார். துணைக் கேள்வி வந்தால் அமைச்சருக்குத் துண்டுச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். வசனம் கிடையாது.

போட்டியன்று அமைச்சர் ஒரு துணைக் கேள்வியில் மாட்டிக்கொண்டான். பதிலை எழுதி, அவன் பதற்றத்தைப் பார்த்து மேலே "மெதுவாகப் படி" என்று இந்தியில் சேர்த்து அனுப்பினேன். அவன் அதையும் சேர்த்து, வேகமாக, மைக்கில் படித்துவிட்டான். நடுவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். மறுநாள் அசெம்பிளியில் சார் மேடைக்குக் கூப்பிட்டது என்னைத்தான்.

"ஏண்டா, படிக்கறவன் முட்டாள்னா, எழுதறவன் அதுக்கும் சேர்த்து எழுதணும். தெரியுமோல்லியோ?"

மொத்தப் பள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றுவரைக்கும் அது எனக்கு நியாயமாகப் படவில்லை. அமைச்சர் இப்போது நியூ ஜெர்ஸியில் இருக்கிறான், இதைப் படிப்பான். படிக்கட்டும், மெதுவாக.

அப்புறம் பல வருஷம் கழித்து, 2014 கடைசியில், நான் இருக்கும் பிட்ஸ்பர்குக்கு சார் போன் செய்தார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் நியூயார்க்கில் இந்தியத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைதானதற்குப் பதிலடியாக சாணக்கியபுரியில் அமெரிக்கத் தூதரகத்து வாசல் தடுப்புகளை தில்லி போலீஸ் அப்புறப்படுத்தியிருந்தது. தூதராக இருந்த நான்சி பவலும் 2014இல் பதவி விலகிவிட்டார். "புதுசா ஒருத்தன் வரானே, ரிச்சர்ட் வர்மா. ஜான்ஸ்டவுனாம். உன் ஊருக்குப் பக்கமா?"

பக்கம்தான், காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. எஃகு ஆலைகளின் ஊர், 1889 வெள்ளத்தில் 2,200 பேருக்கு மேல் மாண்ட ஊர். பஞ்சாபிலிருந்து போன வர்மாவின் அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். வர்மா 1968இல் பிறந்தவர், கிட்டத்தட்ட என் வயது.

சாருக்கு அவரை ஏன் பிடித்துப்போனது என்று முதலில் விளங்கவில்லை. அவருடைய நாற்பது வயது வரைக்குமான கதையைக் கேட்ட பிறகுதான் விளங்கியது. இன்ஜினீயரிங் படித்துவிட்டு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உள்ளூர் உறுப்பினர் ஜான் மர்த்தாவிடம் உதவியாளர். பிறகு சட்டப் படிப்பு, விமானப் படையில் வழக்கறிஞர், 2002இலிருந்து செனட்டர் ஹாரி ரீடுக்குப் பாதுகாப்பு விவகார ஆலோசகர். செனட்டில் உதவியாளர்களுக்கு இடம் அவையின் பின்சுவரை ஒட்டிய இருக்கைகளில். பேசுகிறவர் முன்னால், பேச்சைத் தயார் செய்தவர் பின்னால். 2006 நவம்பரில் இந்திய அணுசக்தி மசோதா 85-12 என்று நிறைவேறியபோது, ரீடின் அலுவலகத்தில் அந்த விஷயத்தைக் கவனித்தவர் வர்மா. 2009இல் வெளியுறவுத் துறைக்குப் போய், ஹிலாரி கிளிண்டனின் கீழ் காங்கிரஸோடு பேசி வாக்குச் சேர்க்கிற வேலை. ரஷ்யாவோடு போட்ட அணு ஆயுதக் குறைப்புக்கான புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம் 2010 டிசம்பரில் செனட்டில் 71-26இல் தேறியது.

"மாடத்துல உட்கார்ந்தவன்டா அவன்!" என்று போனில் கத்தினார் சார். "உன்னை எதுக்கு அங்க உட்கார வெச்சேன்னு நினைச்சே?"

இதை நான் நம்பவில்லை. ஜாயின்ட் செக்ரட்டரியின் மகனுக்கு ஏன் வேஷம் கொடுத்தார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷமாக நான் செய்கிற வேலை, காப்பீட்டுக் கம்பெனியில் மேலதிகாரிகள் கையெழுத்துப் போடும் அறிக்கைகளை எழுதுவதுதான். அவர்கள் எங்கே தப்பாகப் படிப்பார்கள் என்று யோசித்து எழுதுகிறேன். அசெம்பிளியில் படித்த பாடம்தான், வேறு எங்கே படித்தேன்?

2015 ஜனவரியில், குடியரசு தினத்துக்கு ஒபாமா வருவதற்குச் சில நாள் முன்பு வர்மா தில்லியில் பொறுப்பேற்றார். அதிலிருந்து சார் அவரைப் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டி ஒரு ஃபைலே போட்டுவிட்டார். 2016 அக்டோபரில் வர்மா, சீனா உரிமை கொண்டாடும் அருணாசலப் பிரதேசத்துத் தவாங்குக்குப் போக, சீனா கண்டனம் தெரிவித்தது. அன்று ராத்திரி போன்.

"உங்க ஊர்ப் பையன் தவாங் வரைக்கும் போயிட்டு வந்துட்டான். நீ கரோல் பாக்குக்கே வரலையேடா."

என்ன பதில் சொல்வது? அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு சென்னைக்குப் போனார். நம்மில் பாதிப் பேருக்கு இதே கதைதான். வளர்ந்த வீட்டுக்கு அடுத்த அலாட்டி வந்துவிடுவார். தில்லியில் போய்த் தட்ட ஒரு கதவு கிடையாது. தோஹா வழியாக நேரே சென்னை, மூன்று வாரம், திரும்பவும் தோஹா. சாருக்கு ஒரு கதவு இருந்தது, மயூர் விஹாரில். அடுத்த தடவை பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2017இல் ஆட்சி மாறியதும் வர்மா விலகினார். ஆலோசனை நிறுவனத்தில் சில காலம், பிறகு மாஸ்டர்கார்டின் தலைமைச் சட்ட அதிகாரி. 2021 ஜூலையில், பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றவில்லை என்று, அந்த நிறுவனம் அங்கே புது வாடிக்கையாளர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அடுத்த ஜூனில்தான் நீங்கியது. சாருக்கு ஒரே குஷி. "நேத்து வரைக்கும் ராஷ்டிரபதிகிட்ட நியமனப் பத்திரம் கொடுத்தவன், இன்னிக்கு ரிசர்வ் பேங்குக்குப் பதில் சொல்லணும். இது ப்ரமோஷனா, டிமோஷனா?"

சம்பளம் பல மடங்கு இருக்கும் சார் என்றேன். "நான் சம்பளத்தைக் கேட்டேனா?" என்று வைத்துவிட்டார். 2023இல் வர்மா வெளியுறவுத் துறைக்கே துணைச் செயலராகத் திரும்பியபோது சார் போன் செய்யவில்லை. அதற்குள் காது கேட்காமல் போயிருந்தது. அவருடைய மகள் செய்தி அனுப்பினார்: "அப்பா சொல்லச் சொன்னார், அவன் திரும்பிப் போயிட்டான்னு."

சாரின் பெயரில் யூத் பார்லிமென்ட் சுழற்கோப்பை ஒன்று கொடுக்கலாம் என்று தில்லிக் கிளை யோசிக்கிறது. பணம் அனுப்பிவிட்டேன். அதைப் பிரதமருக்கோ அமைச்சருக்கோ கொடுக்காமல், மாடத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற பிள்ளைக்குக் கொடுங்கள் என்று செயலாளருக்கு எழுதினேன். கமிட்டியில் வைத்துப் பேசுகிறோம் என்று பதில் வந்தது. கமிட்டி கூடுவது ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு. எனக்கு அப்போது நடுராத்திரி இரண்டரை. நியூ ஜெர்ஸி அமைச்சர் விழித்திருந்தால், என் சார்பில் அவன் பேசட்டும். சீட்டு எழுதி அனுப்புகிறேன்.